நூத்திப் பதினாலாம் நம்பர் டோக்கன்

டிக்கெட்டு மூணும் எங்கிட்டதான் இருக்கு, எச் பத்து, பதினொண்ணு, பன்னண்டு, சட்டப் பாக்கெட்டுல மடிச்சி வச்சிருக்கேன், உன் கண்ணுக்குத்தான்டா இருட்டுல நம்பர் தெரியும்னு வேதா சின்னம்மா வாசல்லயே எங்கையில குடுத்துட்டாங்க. காலையில பதினொரு மணி ஷோ. புகை பிடிக்காதீர்னு நுரையீரலப் புழிஞ்சி காட்டுறான். நான் சிகரெட்டே புடிக்கிறதில்ல, எங்க ஊருல மூச்சு விட்டாலே ரெண்டு பாக்கெட்டு இழுத்த மாதிரி, இத சத்தமா சொன்னா முன்னாடி வரிசை முழுக்க சிரிக்கும், வாய் வரைக்கும் வந்துச்சி, முழுங்கிட்டேன். இன்னிக்கு வாயத் தொறக்கக் கூடாது. எனக்கு எடது பக்கம் நைனா, பாஸ்போர்ட்டு போட்டோவுக்கு உக்காந்த மாதிரி முதுகு வளையாம, ரெண்டு கையும் முட்டி மேல. அவருக்கு அந்தப் பக்கம் வேதா சின்னம்மா, மடியில மஞ்சப் பை, பையில தண்ணி பாட்டிலு, கைக்குட்டை ரெண்டு, அழறதுக்குத் தயாரா வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு அஞ்சாபுலி சித்தப்பா. சித்தப்பான்னா சொந்தம் இல்ல, நைனாவோட கெமிக்கல் கம்பெனியில ஒரே ஷிப்டு, ஒரே டிபன், ஒரே சைக்கிள்ல மாறி மாறி மிதிச்சிக்கிட்டுப் போனவங்க. பேருதான் அஞ்சாபுலி, செவுத்துல பல்லி இருந்தா அந்த ரூமுக்குள்ள போவ மாட்டாரு. அவரு செத்து எட்டு வருஷம். அவரு செத்த கதையத்தான் படமா எடுத்திருக்கான், அதத்தான் அவரு பொண்டாட்டி கூட உக்காந்து பாக்கப் போறோம், நானும் எங்க நைனாவும், அவரு சாவுக்குக் காரணமான ரெண்டு பேரும். அது அவங்களுக்குத் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடலாம். ஏன்னா அத சினிமாக்காரன்கிட்ட சொன்னதே நான்தான். ஏசி காத்து கழுத்துல ஊதுது. எங்கியோ பிளீச்சிங் பவுடர் வாசன வருது, கக்கூஸ் கழுவியிருப்பான், கக்கூஸ்தான், வேற ஒண்ணும் இல்ல.

இது உண்மைச் சம்பவத்தைத் தழுவியதுன்னு ஒரு கார்டு போட்டான், அடுத்த கார்டுல பெயர்கள் சம்பவங்கள் யாவும் கற்பனையேன்னு போட்டான், ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணிட்டு வாங்கப்பா. கம்பெனி கேட்டு வந்த உடனே தியேட்டரே விசில் அடிக்குது, நம்ம கேட்டுடா, நம்ம கேட்டுடான்னு. நம்ம கேட்டே இல்ல, அது எங்கியோ ஆந்திராவுல போட்ட செட்டு. நம்மதா இருந்தா மட்டும் என்ன, பதினோரு பேர முழுங்குன கேட்டுக்கு எவனாவது விசில் அடிப்பானா, அடிக்கிறானே, எம் பின்னாடி உக்காந்து அடிக்கிறவன் மாமனும் அதுலதான் போனாரு. ஹீரோ வர்றான், நீல யூனிபார்மு, தலையில மஞ்சத் தொப்பி, தோளு ரெண்டும் பீரோ மாதிரி. வேதா சின்னம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க, நைனா பக்கம் சாஞ்சி, அண்ணே அவரு இவ்ளோ கலராண்ணேன்னு கேக்குறாங்க. நைனா ம்னாரு. ஹீரோ பாட்டுக்கு ஆடுறான், டேங்கு மேல ஏறி ஆடுறான். அந்த டேங்கு மேல ஆடுனா மெமோ குடுப்பாங்க. அப்பதான் காட்டுனான், டைம் ஆபீஸ் செவுத்துல பச்சப் பலகை, பலகை முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி பித்தள டோக்கன். பலகையச் சரியாத்தான் போட்டிருக்கான் பாவி, நான் சொன்ன மாதிரியே. உள்ள போறப்ப உன் டோக்கன உன் ஆணியில மாட்டணும், வெளிய வர்றப்ப எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கணும். ஆணியில தொங்குனா நீ உள்ள இருக்க. இல்லன்னா இல்ல. ஏதாவது ஒண்ணு வெடிச்சா பலகையக் கழட்டித் தூக்கினு வந்து வேப்பமரத்துல சாச்சி வச்சி நம்பர் நம்பரா கூப்புடுவாங்க, யாரு குரல் குடுக்கலியோ அவன் உள்ள மாட்டிக்கினான்னு அர்த்தம். நைனா நம்பரு நூத்திப் பதினாலு. சின்ன வயசுல அந்த டோக்கன வாயில போட்டு சப்பியிருக்கேன், உப்பு கரிக்கும். நைனா முட்டி மேல இருக்குற கையி மூடிக்கிட்டுது. அவரும் பலகையத்தான் பாக்குறாரு.

எட்டாவது படிச்சேன் அப்ப, பன்னண்டு முடிஞ்சி பதிமூணு. சனிக்கிழம, ஸ்கூல் மைதானத்துல கபடி, அரையிறுதி. எங்க கிளாசுல பாதிப் பேரு கடக்கரைப் பசங்க, அவங்க அப்பனுங்க காலையில கரைக்கு வந்துட்டு வலைய ஒதறிப் போட்டுட்டு அப்படியே லுங்கியோட மைதானத்துக்கு வந்து நிக்கிறாங்க, டேய் புடிடா, டேய் கால வார்றான்டான்னு கத்துறாங்க. எனக்குக் கத்த ஆளில்ல. லீவு போடு நைனான்னு மூணு நாளா நச்சரிச்சேன், கபடிக்கெல்லாம் எவன்டா லீவு குடுப்பான்னாரு. எனக்கு ஒரு வித்த தெரியும், எங்க எட்மாஸ்டரு மாதிரி பேசுவேன், மூக்கால, வார்த்தைக்கு வார்த்தை தொண்டையக் கனச்சிக்கிட்டு, டீச்சருங்களே ஏமாந்திருக்காங்க. பொட்டிக்கடக்காரரு செல்ல வாங்கி நைனாவுக்குப் போட்டேன். கம்பெனிக்குள்ள செல்லு கூடாது, ஆனா நைனா சோத்துக் கூடையில துணி சுத்தி வச்சிருப்பாரு, வீட்டுல ஒரு அவசரம்னா வேணும்லன்னு, அந்த அவசரம்ங்கிறது நான்தான், எனக்காகத்தான் வச்சிருந்தாரு. ம்க்கும், வைத்திலிங்கமா, உங்க பையன் மணவாளன், ம்க்கும், மாடியிலேருந்து விழுந்துட்டான், பேச்சு மூச்சு இல்ல, உடனே கிளம்பி வாங்க. அவ்ளோதான். பதினஞ்சி வார்த்தை இருக்குமா. பசங்க சுத்தி நின்னு வாயப் பொத்திக்கிட்டு உருளுறானுங்க. நைனா பாஸ் எழுதி வாங்கினு கேட்டு வழியா வரணும்னா உனக்கு எப்பிட்றா சேதி வந்துச்சின்னு கேப்பாங்க, செல்லு விஷயம் தெரிஞ்சா வேலையே போயிடும். அதனால யார்கிட்டயும் சொல்லல, சித்தப்பா அப்ப கேன்டீன்ல, அவருகிட்டகூட சொல்லல. பின்னாடி வாய்க்கா ஓரம் வேலியில ஓட்டை, அது வழியா நொழஞ்சி ஓடி வந்துட்டாரு. டோக்கன் ஆணியில தொங்கிக்கிட்டே இருந்துச்சி.

மைதானத்து ஓரத்துல வந்து நின்னாரு, தலையில மஞ்சத் தொப்பி, ஒரு கால்ல செருப்பு இல்ல, வேலியில சட்ட கிழிஞ்சி தோள்ல ரத்தம். நான் எதிர்ப் பக்கம் ஏறி ஆடிக்கிட்டு இருக்கேன், கபடி கபடி கபடின்னு, அவரப் பாத்ததும் இன்னும் சத்தமா, பாரு நைனா, பாருன்னு. அவரு பாத்தாரு. கோவமே இல்ல அந்த மூஞ்சில, அதான் இன்னும் எனக்குக் கனவுல வருது, உசுரோட இருக்கான்னு பாத்த மூஞ்சி. கிட்ட வந்து கையத் தூக்குனாரு, அடிக்கப் போறாருன்னு கண்ண மூடிக்கிட்டேன், அப்பதான் சங்கு ஊதுச்சி. ஷிப்டு சங்கு நீளமா ஒரே மூச்சா ஊதும். இது விட்டு விட்டு. கண்ணத் தொறந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சளும் பச்சையுமா ஒண்ணு தரையோட தரையா படுத்து நவுருது, புகைன்னா மேல போவும்ல, இது போவல, எருமை மாதிரி மெதுவா எறங்கி வருது. பிளீச்சிங் பவுடர் வாசன, கம்பெனி டேங்குலேருந்து வர்ற கேஸு. நீ இங்கியே இரு, நவுராதன்னு சொல்லிட்டு நைனா கம்பெனியப் பாத்து ஓடுனாரு. அவரு போய்ச் சேர்றதுக்குள்ள வேப்பமரத்தடியில நம்பர் கூப்பிட்டு முடிச்சிட்டாங்க. நூத்திப் பதினாலு. நூத்திப் பதினாலு. ரெண்டு தரம் கூப்பிட்டாங்களாம். மூணாவது தரம் கூப்பிடுறதுக்குள்ள சித்தப்பா துண்ட வாய்க்கால்ல நனச்சி மூஞ்சில கட்டிக்கினு, பலகையிலேருந்து அந்த டோக்கனப் புடுங்கிக்கினு உள்ள போயிட்டாரு. பல்லிக்குப் பயந்தவரு. மறுநாள்தான் எடுத்தாங்க. கையப் பிரிக்க முடியல, பிரிச்சா உள்ள நூத்திப் பதினாலு. இல்லாத ஆளத் தேடிக்கினு ரூம் ரூமா போயிருக்காரு, வைத்தி வைத்தின்னு கூப்பிட்டிருப்பாரு, நான் எத்தன தரம் அந்தக் கொரல நெனச்சிப் பாத்துட்டேன், அவரு கொரலு எனக்கு நல்லா வரும், ஒரு தடவகூட பேசிப் பாத்ததில்ல. போலீசு கேட்டப்ப நைனா சொன்னாரு, புகை வந்ததும் வேலி வழியா தப்பிச்சேன்னு. இருவது நிமிஷம் முன்னாடியே வெளிய வந்துட்டத சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா நான் வருவேன். எங்கிட்ட ஒரே தடவதான் பேசுனாரு, யாராண்டயும் சொல்லாதடா, அவ்ளோதான், அடிக்கவே இல்ல. அன்னிக்குத் தூக்குன கையி அப்படியே அந்தரத்துல நிக்குது, எட்டு வருஷமா நான் அதுக்குக் கீழதான் சோறு தின்னுறேன்.

வருஷா வருஷம் அந்த நாள்ல வேதா சின்னம்மா வீட்டுல படையல். சித்தப்பா போட்டோ முன்னாடி எல போட்டு, கானாங்கெளுத்திக் கொழம்பு, வறுவலு, முட்ட, சூடம் காட்டி முடிச்சதும் அந்த எலைய வேற யாருக்கும் தர மாட்டாங்க, நைனாவத்தான் உக்கார வப்பாங்க. அவரு உசுரக் குடுத்து வச்சது உங்க ஒடம்புலதாண்ணே, நீங்க சாப்ட்டா அவரு சாப்ட்டதும்பாங்க. நைனா சாப்பிடுவாரு. ஒரு பருக்க விடாம வழிச்சி சாப்பிடுவாரு, போட்டோவ நிமிந்து பாக்க மாட்டாரு. வீட்டுக்கு வந்து கொல்லையில குந்திக்கிட்டு ரொம்ப நேரம் எழுந்திரிக்க மாட்டாரு. நான் அன்னிக்குத்தான் ஜோக்கு ஜாஸ்தியா அடிப்பேன். பாலிடெக்னிக்குல ரெண்டாவது வருஷம் தொழிற்சாலைப் பாதுகாப்புன்னு ஒரு பாடம், சாரு போர்டுல டோக்கன் முறைன்னு எழுதினாரு, நான் பைய எடுத்துக்கினு வெளிய வந்தவன்தான், இன்னும் போவல. ஏன்டா நின்னுட்டன்னு கேட்டா கேன்டீன்ல சாம்பார் சரியில்லன்னுவேன். எல்லாம் சிரிப்பானுங்க. சிரிச்சிட்டா அடுத்த கேள்வி கேக்க மாட்டானுங்க, அதான் அதுல இருக்குற சவுரியம். போன வருஷம் சினிமா ஆளுங்க வந்து ஊரெல்லாம் கேட்டு எழுதிக்கினு போனாங்க. தாடி வச்ச ஒரு அசிஸ்டண்டு டைரக்டரு டீக்கடையில எல்லாம் அழறாங்க தம்பி, சிரிக்க ஒரு சீன் கூட கெடைக்கலன்னாரு. எனக்கு நாக்கு அரிச்சிடிச்சி. ஒரு பையன் இருந்தான் சார்னு ஆரம்பிச்சேன். வேற எவனோ மாதிரி. எட்மாஸ்டரு கொரலு, ம்க்கும், எல்லாம் போட்டுக் காட்டுனேன். அந்த ஆளுக்கு டீ மூக்கால வந்துடிச்சி. டோக்கன் தொங்குனதச் சொன்னப்பதான் சிரிப்ப நிறுத்திட்டு நோட்ட எடுத்தாரு. எழுதாதீங்க சார், சும்மா சொன்னேன்னேன். சரி தம்பின்னு சொல்லிக்கினே எழுதுனாரு.

இப்ப வந்துடிச்சி. ஸ்கூலு. மைதானம். ஒரு பொடியன், நல்லா கொழு கொழுன்னு, கையில செல்லு. இருக்காது, இது வேற ஏதாவது சீனா இருக்கும், லவ் லெட்டரு சீனா இருக்கும். ம்க்கும்ங்கிறான். தியேட்டரு வெடிச்சிது, முன் வரிச பின் வரிச எல்லாம் உருண்டு பெரண்டு சிரிக்குது, மாடியிலேருந்து ஒருத்தன் விசில் அடிக்கிறான். நான் இது வரைக்கும் அடிச்ச ஜோக்குலயே இதுக்குத்தான் இவ்ளோ சிரிப்பு. பாராட்டு விழாவுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்கேன், வேர்வ முதுகுல எறங்குது, ஏசிக்கு மேல வேர்க்குது. வேதா சின்னம்மாவும் சிரிக்கிறாங்க, கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாங்க. நைனா சிரிக்கல. நைனா திரையப் பாக்கல. என்னப் பாக்குறாரு. இருட்டுல மூஞ்சி தெரியல, திரையில வெளிச்சம் மாறுறப்ப மட்டும் தெரியுது, மாறுது, தெரியுது, மாறுது, போவுது. பசங்களுக்குப் போன் ஜோக்கு மட்டுந்தான் தெரியும், அதையும் டோக்கனையும் முடிச்சுப் போடத் தெரிஞ்சது இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான், ஒருத்தன் அவரு, அவரு சொல்லல. கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. நான் திரையவே பாத்தேன். வேலி, ஓட்டை, செருப்புகூட ஒண்ணு கழண்டு விழுவுது, அதெல்லாம் நான் சொல்லவே இல்லியே, எப்பிட்றா தெரியும் உங்களுக்கு. ஆணியில டோக்கன், கிட்டக்க காட்டுறான், நம்பரு மட்டும் வேற. கட்டடம் நடுங்குற மாதிரி சத்தம் வச்சிருக்கான், சீட்டு அடியில அதிருது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையா அணையுது. பிளீச்சிங் வாசன வருது, திரையிலேருந்து வாசன வருமா, வராது, ஆனா வருது. சின்னம்மா கைக்குட்டைய வாயில வச்சிக்கிட்டாங்க. இப்ப வேப்பமரம், இப்ப நம்பரு, இப்ப உள்ள போயி யாரும் இல்லாம செத்துக் கெடப்பான், இப்ப அவங்க திரும்பிக் கேப்பாங்க.

ஆனா பாரு, சினிமாக்காரன் மாத்திட்டான். படத்துல அந்த அப்பன் ஸ்கூலுக்குப் போயி பையன் பொய் சொன்னதத் தெரிஞ்சிக்கிட்டு, கம்பெனியில தேடுவாங்களேன்னு அதே ஓட்ட வழியா திரும்பி உள்ள வந்துடுறான், அந்த நேரம் பாத்து வெடிக்குது, புகையில மயங்கி விழுந்துட்டான். ஹீரோ தேடிக் கண்டுபுடிக்கிறான். வைத்திய, இல்ல, வைத்தி இல்ல, அந்தாள, தோள்ல தூக்கிப் போட்டுக்கினு ஓடி வர்றான், மூச்சு முட்டுது, கண்ணுல ரத்தம், வேலியாண்ட வந்து அவன அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டு இந்தப் பக்கம் மண்டி போட்டு சாயுறான். கையத் தொறக்குறான், டோக்கன். தியேட்டரே எழுந்து நின்னு கை தட்டுது. எவ்ளோ அழகா இருக்கு. இப்படி நடந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும், ஒரு ஆளத் தேடிப் போயி அந்த ஆளு உள்ள இருந்து, கையி நெறைய எதையாவது தூக்கிக்கினு வந்து செத்திருந்தா. எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாயிடிச்சி, தப்பிச்சோம்டா, யாரோ கழுவி விட்டுட்டான்டா நம்மள. இடைவேளைன்னு எழுத்து வந்துச்சி. லைட்டப் போட்டான். எல்லா மூஞ்சியும் வெளிச்சத்துல அம்மணமா நின்னுச்சி.

வேதா சின்னம்மா மூக்க உறிஞ்சிக்கிட்டு நைனா கையப் புடிச்சிட்டாங்க. இத்தன வருஷத்துல தொட்டதில்ல. "அண்ணே, நீங்க சொன்னதேயில்லியே. அவரு உங்களத் தூக்குனாராண்ணே?"

அவங்களே முடிவு பண்ணிக்கிட்டு தலைய ஆட்டுறாங்க, மயக்கத்துல உங்களுக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போவுதுன்னு. கண்ணத் தொடச்சிக்கினு என்னப் பாத்து சிரிக்கிறாங்க. அந்தப் பொடியன் அப்பிடியே உன்ன மாதிரியே பேசுறான்டாங்கிறாங்க. அவங்க சிரிப்பப் பாத்தா, படையல் அன்னிக்கு எல போடுறப்ப சிரிக்கிற அதே சிரிப்பு, அடுத்த வருஷமும் போடுவாங்க, நைனா வழிச்சி சாப்பிடுவாரு, கொல்லையில குந்துவாரு, அதுக்கடுத்த வருஷமும், இப்ப சினிமாவே சாட்சி சொல்லிடிச்சி, இனிமே யாராலயும் மாத்த முடியாது.

"அது நான்தான் சின்னம்மா."

ஜோக்கு மாதிரி சொல்லல. மூக்கால பேசல. எஞ் சொந்தக் கொரல்லதான் சொன்னேன், எனக்கே அது யாரு கொரலுன்னு தெரியல.

"ஆமாண்டா. ஹீரோயினும் நீதான்." பொடனியில ஒரு தட்டு தட்டிட்டு எழுந்துட்டாங்க. என்ன வேணும், பப்ஸா சமோசாவான்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம மஞ்சப் பையத் தூக்கிக்கினு முட்டியெல்லாம் இடிச்சிக்கிட்டு போயிட்டாங்க. எட்டு வருஷமா நான் ஊர பழக்கி வச்ச பழக்கம், ரொம்ப நல்லாத்தான் பழகியிருக்கு.

நைனா முன்னாடி சீட்டோட முதுகப் பாத்துக்கினே கேட்டாரு, "நீ சொன்னியா, அவனுங்ககிட்ட?" ம்னேன். கையத் தூக்குனாரு. அன்னிக்குத் தூக்குன அதே கையி, நான் கண்ண மூடல இந்தத் தடவ. அது வந்து எந் தலையில உக்காந்துச்சி, கனமா, ஒரு நொடி. எழுந்தாரு. "நீ இங்கியே இரு. நவுராத."

கதவுல வட்டக் கண்ணாடி இருக்கு. அது வழியா கேன்டீன் தெரியுது. சின்னம்மா தட்டுல மூணு பப்ஸ் வாங்கிக்கினு திரும்புறாங்க, நைனா எதிர்ல போயி நிக்கிறாரு. அவரு பேசுறாரு. அவரு இவ்ளோ நேரம் சேந்தாப்புல பேசி நான் பாத்ததே இல்ல. சின்னம்மா மொதல்ல சிரிச்சிக்கினுதான் இருந்தாங்க. அப்பறம் தட்டு சாயுது, ஒரு பப்ஸு நழுவி விழுவுது, அவங்க குனியல. எவனோ கதவுக்குக் குறுக்க வந்து நின்னுட்டான். நவுருடா. அவன் நவுர்றதுக்குள்ள பெல்லு அடிச்சிட்டான், ஆளுங்க திமுதிமுன்னு உள்ள வர்றாங்க, பாப்கார்னு, குழந்த, சுண்டல் பொட்டலம், ஒவ்வொரு மூஞ்சியா பாக்குறேன், இல்ல, இல்ல, இவரும் இல்ல. லைட்ட அணச்சிட்டான். கதவ சாத்திட்டான், கண்ணாடியில இருட்டு. திரையில மறுபடி வேப்பமரம், மரத்துல சாச்சி வச்ச பலகை, இன்னும் வராதவங்க நம்பர ஒருத்தன் படிக்கிறான். எம் பக்கத்துல ரெண்டு சீட்டும் மடங்கி நிக்குது. பத்து நிமிஷம் ஆயிருக்கும். கால் மணி நேரம் ஆயிருக்கும். பாக்கெட்டத் தொட்டுப் பாத்தேன், டிக்கெட்டு மூணும் பத்திரமா இருக்கு, எச் பத்து, பதினொண்ணு, பன்னண்டு. இதப் பாத்தா யாரும் சொல்லுவாங்க, மூணு பேரும் உள்ளதான் இருக்காங்கன்னு.

டிக்கெட்டக் கையில இறுக்கிப் புடிச்சிக்கிட்டு எழுந்து கதவப் பாத்து நடந்தேன்.